ஏரியை மேலிருந்து பாருங்கள்: பெரஸ்தாகி, தோபா பயணக் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை வந்தால் எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். இந்தோனேசியாவில் வடக்குச் சுமத்ராவின் மலையூரான பெரஸ்தாகி, தோபா ஏரிப் பக்கம் பன்னிரண்டு தடவை போய் வந்தவன் என்பது தவிர வேறு தகுதி எனக்குக் கிடையாது. அலுவல் வேலையாக அந்த மாநிலத் தலைநகர் மேடானுக்குப் போனபோது தொற்றிக்கொண்ட பழக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

யீஷூனிலிருந்து ஒரு வாசகி: அண்ணா, பெரஸ்தாகியில் ஹோட்டல் ஜன்னலைத் திறந்தால் தோபா ஏரி தெரியுமா? படங்களில் அப்படித்தான் போடுகிறார்கள்.

தெரியாதும்மா. பெரஸ்தாகி ஜன்னலில் தெரிவது இரண்டு எரிமலைகள்: சிபாயாக், சினாபுங். ஊர் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியைப் பார்க்க அங்கிருந்து தெற்கே கபன்ஜாஹே, மெரெக் வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போகவேண்டும். முட்டைக்கோசும் கேரட்டும் விளையும் வயல்கள் நடுவே சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும் சாலை. திடீரென்று தரை முடிந்துவிடும். கீழே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீலம். பக்கத்திலேயே சிபிசோ-பிசோ அருவி 120 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே கோடாக விழும்.

காலை எட்டு மணிக்குள் அங்கே இருங்கள். பத்து மணிக்கு மேல் பனிமூட்டம் ஏறிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் படம் எடுக்கவேண்டியிருக்கும். அருவியின் அடிவரை படிக்கட்டு இருக்கிறது. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மேலேயே உட்கார்ந்து சோளம் சாப்பிடட்டும். நல்ல காட்சி மேலேதான்.

உட்லண்ட்ஸ் அன்பர்: மூன்று நாள்தான் லீவு. பெரஸ்தாகி, சமோசிர் தீவு, மேடான் மூன்றையும் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம். கார் சீட்டைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து மேடானின் குவாலாநாமு விமான நிலையத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி பின்னால் என்பதால் ஏதோ நேரம் மிச்சம் பிடித்தது போல ஒரு நினைப்பு வரும். அந்த மிச்சத்தை மலைச்சாலை வாங்கிக்கொள்ளும். மேடானிலிருந்து பெரஸ்தாகி 66 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணிக்குக் குறைந்து நான் போனதில்லை. சனிக்கிழமை என்றால் நாலு மணி நேரம்கூட ஆகியிருக்கிறது. மேடான்காரர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் குளிர் வாங்க மேலே ஏறுகிறார்கள். பெரஸ்தாகியிலிருந்து மெரெக், சிமர்ஜாருன்ஜுங் வழியாக ஏரிக்கரை ஊரான பாராபாட் போவது இன்னொரு அரை நாள். அதற்கப்புறம் தீவுக்குப் படகு.

என் யோசனை இதுதான்: மூன்று நாள் என்றால் பெரஸ்தாகியில் இரண்டு இரவு தங்கி, ஏரியை விளிம்பிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புங்கள். தீவில் போய்த் தங்க ஐந்து நாளாவது வேண்டும். முதல் தடவை நானும் எல்லாவற்றையும் பார்க்கப் புறப்பட்டவன்தான். ஒரு வேன் ஏஜெண்ட் மூன்று நாளில் எட்டு இடம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். அதில் இரண்டு இடங்களில் காரை விட்டு இறங்கக்கூட இல்லை.

தோ பாயோ, உயர்நிலை இரண்டு மாணவர்: அங்கிள், அது எரிமலை ஏரி என்றால் நாங்கள் போகும்போது வெடிக்குமா?

நல்ல கேள்வி. உன் அப்பா கேட்கவேண்டியது.

நீ பார்க்கப்போவது ஏரி மாதிரி இருந்தாலும் அது ஒரு பள்ளம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த வெடிப்பில் அடியிலிருந்த கற்குழம்பு வெளியே கொட்ட, மேலே இருந்த நிலம் தாங்க ஆளில்லாமல் உள்ளே சரிந்தது. அந்தக் குழியில் தண்ணீர் நிறைந்ததுதான் தோபா. நீளம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர், அகலம் 30. சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிவரை சுமார் 50 கிலோமீட்டர்தான், நீயே கணக்குப் போட்டுக்கொள். ஆழமான இடத்தில் 500 மீட்டரைத் தாண்டும். நடுவில் இருக்கும் சமோசிர், பள்ளத்தின் தரை பிற்பாடு கீழிருந்து மேலே தள்ளப்பட்டு எழுந்த நிலம். அந்த வெடிப்பின் சாம்பல் கடல் தாண்டி ஆந்திராவின் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் படிந்திருக்கிறது. அங்கே தோண்டியவர்களுக்குச் சாம்பலுக்குக் கீழேயும் கல்லாயுதம் கிடைத்தது, மேலேயும் கிடைத்தது. அதாவது வெடிப்புக்கு முன்னும் பின்னும் அங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

அந்த அளவு வெடிப்பு உன் விடுமுறையில் வருமென்று பயப்படவேண்டாம். கவனிக்கவேண்டியது சினாபுங். பல நூற்றாண்டு அமைதியாக இருந்துவிட்டு 2010 ஆகஸ்டில் விழித்தது. 2014இலும் 2016இலும் உயிர்களை எடுத்தது. 2018 பிப்ரவரியில் பெரிய சாம்பல் தூணையே எழுப்பியது. அடிவாரக் கிராமங்கள் சில காலி செய்யப்பட்டுவிட்டன. தடை செய்த வட்டத்துக்குள் ‘சும்மா ஒரு படம் எடுத்துவிட்டு வரலாம்’ என்று யாராவது கூப்பிட்டால் போகாதே. பெரஸ்தாகியின் குண்டாலிங் குன்றிலிருந்து பார்த்தாலே முழு மலையும் தெரியும்.

செங்காங், ஒரு குடும்பத் தலைவி: நாங்கள் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, சலிப்புதான். பெரஸ்தாகி காரோ என்ற இன மக்களின் ஊர், பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், கடைத்தெருவில் பன்றி வாட்டும் வாசனை தூக்கலாக இருக்கும். ‘காடோ-காடோ’ கேளுங்கள், வெந்த காய்கறிமேல் வேர்க்கடலைச் சாறு ஊற்றித் தருவார்கள். தாஹு (சோயாக் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயா) எங்கும் கிடைக்கும். சம்பலில் ‘தெராசி’ இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நம் ஊர் பெலாச்சான், அதாவது இறால் விழுதுதான், அங்கே அந்தப் பெயரில் இருக்கிறது.

முதல் இரவுக்கு ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப்போவதில் எந்த வெட்கமும் வேண்டாம், நானும் அதைத்தான் செய்கிறேன். பெரஸ்தாகி பழச்சந்தையில் மார்க்கிசா என்ற பேஷன் பழமும் ஆரஞ்சும் வாங்குங்கள். விலையைப் பாதியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். நம்மைப் பார்த்ததும் சிங்கப்பூர் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள், எப்படியென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கேலாங் சிராய் பக்கம் ஒரு பாய்: ஹலால் சாப்பாடு?

மேற்குச் சுமத்ரா முஸ்லிம்களின் பாடாங் சாப்பாட்டுக் கடைகள் ஊரில் இருக்கின்றன, கவலையில்லை. ஏரிக்கரையில் தொங்கிங், சமோசிர் பக்கம் இறங்கும்போது மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏரி மீனை ‘அர்சிக்’ என்று மஞ்சள் போட்டுச் சமைப்பார்கள். அதில் அந்தாலிமான் என்று ஒரு மிளகு சேரும், நாக்கு லேசாக மரத்துப்போகும். கிடைத்தால் விடாதீர்கள். ஒரே சட்டியில் வேறு எதுவும் சமைக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பொங்கோல் வாசகர்: எனக்குச் சிங்கப்பூர் பாஸ்போர்ட், மனைவி பிஆர் (நிரந்தரவாசி), இந்தியப் பாஸ்போர்ட். விசா?

உங்களுக்கு 30 நாள்வரை வேண்டாம். மனைவிக்கு வேண்டும். பிஆர் என்பதால் மேடானில் சலுகை கிடையாது. இறங்கியதும் எடுக்கும் விசாவுக்கு 5,00,000 ரூப்பியா, ஆன்லைனிலேயே எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். அதைவிட முக்கியம், அவருடைய சிங்கப்பூர் மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். போவதில் வரும் சிக்கலைவிடத் திரும்பி வருவதில் வரும் சிக்கல் பெரிது.

சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு தமிழாசிரியை: அந்தப் பக்கத்து மக்கள் பெயர்களில் சோழனும் பாண்டியனும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா, யாராவது கிளப்பிவிட்ட கதையா?

டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

காரோ மக்களுக்கு ஐந்து பெருங்குலங்கள். அவற்றில் ஒன்று செம்பிரிங். அதன் உட்பிரிவுகளில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிராமனா என்ற பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. சோழ, பாண்டிய, பல்லவ, மலையாளத் தொடர்பாக ஆய்வாளர்கள் இதைப் பார்க்கிறார்கள். ‘செம்பிரிங்’ என்ற சொல்லுக்கே கருப்பு என்றுதான் பொருள் சொல்கிறார்கள். ஒருமுறை என் கார் ஓட்டுநர் அட்டையை நீட்டினார், பெயரின் கடைசியில் ‘பாண்டியா’ இருந்தது. நான் மதுரைக்காரன் வீட்டுப் பிள்ளை, அரை மணி நேரம் அந்த அட்டையைத் திருப்பித் தரவில்லை.

பெயரைவிடப் பலமான சாட்சி கல்லில் இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கடற்கரையில் பாருஸ் துறைமுகம் அருகே லோபு துவாவில் 1873இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. திசை ஆயிரத்து ஐநூற்றுவர் என்ற வணிகக் குழு அங்கே தங்கி வியாபாரம் செய்ததைச் சொல்கிறது. எதற்காக அவ்வளவு தூரம் போனார்கள்? கற்பூரத்துக்காக. மலாயில் இன்றும் கற்பூரத்தை ‘கப்பூர் பாருஸ்’ என்றுதான் சொல்கிறோம். நீங்கள் பீரோவில் போடும் உருண்டையின் பெயரில் அந்தத் துறைமுகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் வகுப்பில் சொல்லும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். செம்பிரிங் குலத்தார் தமிழர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அவர்கள் காரோ மக்கள், மொழி வேறு, வழக்கம் வேறு. தமிழர்களைப் பார்க்கவேண்டுமானால் மேடானில் கம்போங் மெட்ராஸ் போங்கள். 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. மேடானைச் சுற்றியிருந்த டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

ஜூரோங் ஈஸ்ட், ஒரு தம்பி: மலாய் தெரிந்தால் போதுமா?

ஓரளவு போதும், சில இடத்தில் சறுக்கும். நம் மலாயில் ‘பிசா’ விஷம், அங்கே ‘முடியும்’. மேடானில் ‘கெரேத்தா’ என்றால் கார் இல்லை, மோட்டார் சைக்கிள். கெரேத்தா வேண்டும் என்று நான் கேட்டதற்கு ஒருவர் ஹெல்மெட்டோடு வந்து நின்றார். பெரஸ்தாகியில் ‘மெஜுவா-ஜுவா’, தோபாவில் ‘ஹோராஸ்’ என்று சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

புக்கிட் பாத்தோக்: டிசம்பர் விடுமுறையில் போகலாமா? படகு பாதுகாப்பானதா?

டிசம்பரைவிட ஜூன் மேல். ஆண்டுக் கடைசியில் மழை அதிகம். 2024 நவம்பரில் மேடான்-பெரஸ்தாகி சாலையில் சிபோலாங்கிட் பக்கம் மண் சரிந்து சாலையில் போன வாகனங்கள்மேல் விழுந்து உயிர்கள் போயின. டிசம்பர்தான் என்றால் பகலில் மட்டும் மலை ஏறுங்கள், இரவு விமானத்தில் இறங்கினால் மேடானிலேயே படுத்து எழுந்து போங்கள்.

படகு விஷயத்தில் நான் கறார். 2018 ஜூனில் தோபாவில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 160க்கும் மேற்பட்டவர்கள் காணாமல் போனார்கள். படகில் ஏறியதும் உயிர்காப்பு மேலாடை எங்கே என்று கேளுங்கள். கையில் தராவிட்டால் இறங்கிவிடுங்கள், அடுத்த படகு வரும். படகே வேண்டாம் என்பவர்களுக்கு மேற்கே பங்குருரான் பக்கம் பாலம் வழியாகக் காரிலேயே தீவுக்குள் போகலாம், சுற்று வழி.

அங் மோ கியோவிலிருந்து 71 வயது ஐயா: தம்பி, நான் தனியாகப் போகலாமா? குளிர் தாங்குமா?

தாராளமாகப் போங்கள் ஐயா. நூறு மீட்டருக்குச் சுமார் அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும் என்ற கணக்கில், பெரஸ்தாகி நம் ஊரைவிட ஏழெட்டு டிகிரி குறைவு. இரவில் பதினாறு, பதினேழுக்கு இறங்கும். பல ஹோட்டல்களில் ஏர்கான் கிடையாது, ஹீட்டரும் கிடையாது, போர்வைதான். வெந்நீர் வருகிறதா என்று அறைக்குள் பெட்டியை வைக்கும் முன்பே குழாயைத் திறந்து பாருங்கள். சிபாயாக் ஏறவேண்டாம், அது 2,000 மீட்டருக்கு மேல், கந்தகப் புகை வேறு. அதற்குப் பதில் அடிவாரத்தில் சிடெபுக்-டெபுக் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்காருங்கள். முட்டிக்கு இதம். காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துப்போங்கள், அங்கே துவைத்தால் காயாது.