முட்டம் முதல் தேவிகுளம் வரை: பாவலர் சகோதரர்களைத் தேடி ஒரு கார் பயணம்

கேள்வி: எங்கள் ஊர் மார்த்தாண்டம். அப்பாவுக்கு 66 வயது, இளையராஜா என்றால் உயிர். அதிலும் ராஜா சினிமாவுக்கு வரும் முன்பு அண்ணன் தம்பிகளோடு ஊர் ஊராகப் போய் வாசித்த ‘பாவலர் சகோதரர்கள்’ குழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். முட்டத்தில் தொடங்கி ராஜாவின் சொந்த ஊரான பண்ணைப்புரம் வரை அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போக ஆசை. மூன்று நாள் லீவு கிடைக்கும். ஐப்பசியில் போகலாமா? எந்த வழி நல்லது? ராஜாவின் வீட்டுக்குள் போய்ப் பார்க்க விடுவார்களா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. வண்டி ஓட்ட நான் ஒருவன்தான்.

பதில்: முதல் வேலையாக முட்டத்தை இந்த மூன்று நாள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கருங்கல், திங்கள்சந்தை, மணவாளக்குறிச்சி, கடியபட்டணம் என்று போனால் முட்டம் ஒரு மாலைப் பொழுதுக்கான தூரம்தான். வெளியூர் புறப்படும் நாளில் அதையும் சேர்த்துக்கொண்டால் பகல் வெயிலில் பத்து நிமிடம் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஓடவேண்டி வரும். அதற்கு முந்தின வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கிளம்பி, இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் அங்கே நேராகக் கடலுக்குள் இறங்கும்.

முட்டத்தில் எதைத் தேடுவது என்று முன்பே தெரிந்திருந்தால் ஏமாற்றம் இல்லை. 1981இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’, 1986இல் வந்த ‘கடலோரக் கவிதைகள்’ இரண்டும் பாரதிராஜா இங்கே எடுத்தவை, இரண்டுக்கும் இசை ராஜா. ஆனால் உங்கள் அப்பாவுக்கு முதல் படம்தான் முக்கியம். காரணம், அதைத் தயாரித்தது பாவலர் கிரியேஷன்ஸ். ராஜாவின் அண்ணன் ஆர்.டி.பாஸ்கர்தான் தயாரிப்பாளர். மேடையில் ஆர்மோனியத்தோடு நின்று குழுவை நடத்திய மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்திருக்கிறார்கள். பண்ணைப்புரத்து மேடைக் குழு சினிமா கம்பெனியாகி வந்து இறங்கிய கடற்கரை என்று முட்டத்தைப் பார்த்தால், உங்கள் பயணத்துக்கு அதுவே சரியான தொடக்கம். அந்தப் படத்தின் ‘வாடி என் கப்பக்கிழங்கே’ பாட்டைப் போகும் வழியில் போட்டுவிடுங்கள், சகோதரர்களின் குரல்களைச் சேர்த்துக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ‘புத்தம் புது காலை’ எந்தப் பாறையில் எடுத்தது என்று அங்கே தேடி அலைய வேண்டாம். இசைத்தட்டில் வந்த அந்தப் பாட்டு படத்தில் இல்லை. பல ரசிகர்கள் பார்த்ததாகவே சத்தியம் செய்வார்கள். பாட்டு அப்படி.

இடமும் அன்றைக்கு இருந்தது மாதிரி இல்லை. மீன்பிடித் துறைமுகம் வந்துவிட்டது, அலையைத் தடுக்கக் கரையில் தூண்டில் வளைவுகள் என்ற கல் சுவர்கள் போட்டுவிட்டார்கள். மாறாமல் இருப்பவை பிரிட்டிஷ் காலத்துக் கலங்கரை விளக்கமும், அதன் கீழே கடலுக்குள் இறங்கும் பெரிய பாறைகளும், பக்கத்துச் செம்மண் தேரியும்தான். கலங்கரை விளக்கத்தின் படிகள் அப்பாவின் முழங்காலுக்கு வேண்டாம். மேட்டில் நின்று பார்த்தாலே பாறையும் கடலும் முழுசாகத் தெரியும்.

பாறைக்கு இறங்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும் பாறையில் தண்ணீர் தொடும் எல்லையை ஒட்டி ஒரு கரும்பச்சைப் பட்டை ஓடும். அது பாசி. செருப்போடு மிதித்தாலும் வழுக்கும், வெறுங்காலோடு மிதித்தாலும் வழுக்கும். அந்தப் பட்டைக்கு மேலே நின்றுகொள்ளுங்கள். சின்ன அலை நாலைந்து வந்து போனதும் பெரியது ஒன்று வரும், அது பட்டையைத் தாண்டி ஏறும். கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில் கடற்கரைப் பக்கமே போகாதீர்கள். எங்கோ தூரத்துக் கடலில் வீசிய காற்றால் கிளம்பும் அலை அது. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். முட்டத்துக்கு அது வெகுதூரம் இல்லை. ஆனி, ஆடியில் கடல் எப்போதுமே முரண்டு பிடிக்கும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் துறைமுகமும் படகுகள் கட்டிக் கிடக்கும் இடமாகத்தான் இருக்கும்.

இனி மாதம். ஐப்பசி வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பண்ணைப்புரத்துக்குப் பிறகு தேவிகுளத்துக்கு நான் சொல்லப்போவது மலைப்பாதை, வடகிழக்குப் பருவமழையில் போடிமெட்டுச் சாலையில் பாறை உருளுவதும் மரம் விழுவதும் வழக்கம். கார்த்திகை, மார்கழியும் வேண்டாம். சபரிமலைக்குப் போகும் வண்டிகள் தேனி, கம்பம், குமுளி சாலையை நிரப்பிவிடும். போலீஸ் ஒருவழிப் பாதையாக்கித் திருப்பிவிட்டால் உங்கள் திட்டம் கம்பத்திலேயே கவிழும். மகரவிளக்கு முடிந்து, பொங்கல் லீவுக் கூட்டமும் வடிந்த பிறகு, ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடிய உள்ள நாள்கள் நல்லவை. அதுவும் செவ்வாய், புதன், வியாழன் என்று வைத்துக்கொண்டால் மூணாறுப் பக்கம் நெரிசல் குறைவு.

வழி சொல்கிறேன். மார்த்தாண்டத்திலிருந்து காலை ஐந்து மணிக்கு மேல் தாமதிக்காதீர்கள். தக்கலையையும் நாகர்கோவிலையும் விடியும் முன் தாண்டுவதுதான் அந்த நாளின் பாதி வெற்றி. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து காவல்கிணற்றில் நாற்கரச் சாலை ஏறியதும் திருநெல்வேலி, கோவில்பட்டி, விருதுநகர் என்று கை தானாக ஓட்டும். நாங்குநேரி, கயத்தாறு, எட்டூர்வட்டம் சுங்கச் சாவடிகளுக்குப் பாஸ்டேகில் பணம் இருக்கட்டும். மதுரை வரை போகவேண்டியதில்லை. திருமங்கலத்தில் இறங்கி உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத் தேனி. மொத்தம் சுமார் 330 கிலோமீட்டர். ஒருவரே ஓட்டுவதால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். அப்பாவின் முழங்காலுக்கும் அது தேவை. மடக்கியே வைத்த கால் இறங்கும்போதுதான் பிடித்துக்கொள்ளும். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். மூன்று மணிக்குத் தேனியில் அறை எடுத்துவிட்டால் அன்றைக்கு அதோடு போதும். தேனி நகராட்சியின் முழுப் பெயரே தேனி அல்லிநகரம், அந்த அல்லிநகரம்தான் பாரதிராஜாவின் ஊர் என்று சொன்னால் அப்பா சாயங்காலம் சும்மா உட்காரமாட்டார், அது வேறு விஷயம்.

மறுநாள் காலை போடி, தேவாரம் வழியாகப் பண்ணைப்புரம். ஒரு மணி நேர ஓட்டம். வலது கைப் பக்கம் மேற்கு மலை கூடவே வரும். அந்த மலைக்கு மேலே உள்ள எஸ்டேட்டுகளில்தான் ராஜாவின் அப்பா கங்காணியாக இருந்தார்.

நீங்கள் கேட்ட வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கும் நினைவகம் என்று நினைத்துப் போனால் ஏமாந்து திரும்புவீர்கள். அது ஒரு குடும்பத்தின் சொந்த வீடு. தெருவில் நின்று பார்ப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. கதவைத் தட்டுவதும், பக்கத்து வீடுகளின் திண்ணையையும் ஆட்களையும் கேட்காமல் படம் எடுப்பதும் கூடாது. கூடலூருக்கு அப்பால் லோயர் கேம்பில் ராஜாவின் தாயார் சின்னத்தாயி, மனைவி ஜீவா, 2024 ஜனவரியில் மறைந்த மகள் பவதாரிணி ஆகியோரை அடக்கம் செய்த இடம் இருக்கிறது. சிலர் அதையும் சுற்றுலாப் பட்டியலில் சேர்க்கச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன்.

பண்ணைப்புரத்தில் பார்ப்பதைவிடக் கேட்பதற்குத்தான் அதிகம். டீக்கடையில் உட்கார்ந்து, வயசான ஒருவர் கிடைத்தால், ராஜாவைப் பற்றிக் கேட்காதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்திருக்கும். “பாவலர் பாடினதை நீங்க கேட்டிருக்கீங்களா ஐயா?” என்று அப்பாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். மக்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் அரசியல் வரிகளை ஏற்றிப் பாடுவது அந்த மேடைகளின் பாணி. கூட்டம் முதல் வரியிலேயே மெட்டைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாவது வரியில் விஷயம் உள்ளே போய்விடும். சிறுவன் ராசையா, அதாவது பின்னாளைய இளையராஜா, அந்தக் குழுவில் சேர்ந்தபோது பெண் குரலில் பாட வைத்தார்கள். குரல் உடைந்த பிறகுதான் வாத்தியத்தின் பக்கம் முழுசாகத் திரும்பினார். 1968இல் அண்ணன் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பியபோது அம்மா வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார் என்பது ராஜாவே மேடைகளில் சொன்ன கதை. ரேடியோவை விற்ற காசில் போனவர்களின் பாட்டு எட்டே வருஷத்தில், 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம், ஊரில் எல்லா ரேடியோவிலும் வந்தது.

பத்தரை மணிக்குள் பண்ணைப்புரத்தை முடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் இங்கிருந்து சுருளி அருவிக்குப் போய்விட்டு ஊர் திரும்புவார்கள். உங்கள் அப்பா போன்ற ஒருவருக்கு நான் சொல்வது மலைக்கு மேலே கேரளத்தில் உள்ள தேவிகுளம்.

1957 கேரளச் சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளம் தொகுதியில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி 1958இல் இடைத்தேர்தல் வந்தது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கேரளத்தில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அரசுக்கு அது மானப் பிரச்சினை. ஓட்டுப் போடவேண்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலையாளத்தில் பேசி அவர்கள் மனசைத் தொட முடியாது. அதற்குத்தான் மலைக்குக் கீழே இருந்த பாவலரைக் கூப்பிட்டார்கள். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பாடினார். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். குழுவின் பெயரை மலை முழுக்கக் கொண்டுபோன பிரசாரம் அது.

மார்த்தாண்டத்துக்காரருக்குத் தேவிகுளம் என்ற பெயர் வேறு விதத்திலும் பழக்கம். நேசமணி தலைமையில் தாய்த் தமிழகத்தோடு சேரக் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் அதுவும் பீர்மேடும் இருந்தன. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது எழுந்த கோஷங்களில் தேவிகுளம் உண்டு. 1956 நவம்பர் 1இல் நம் நான்கு தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. அப்படி நின்றுபோன மலையில், ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு தமிழ்க் குழு பாடிப் பாடிக் கேரள அரசுக்கு ஒரு தொகுதியைக் காப்பாற்றிக் கொடுத்தது. இதை உங்கள் தாத்தா காலத்து ஆள் ஒருவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று அப்பாவிடம் வண்டியில் கேட்டுப் பாருங்கள். போடியிலிருந்து தேவிகுளம் வரை பேச்சு தாங்கும்.

போடியிலிருந்து ஏறும் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் இரண்டாவது கியர்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதியில் சூடாகிப் பிடிக்காமல் போகும். போடிமெட்டில் செக்போஸ்ட், பிறகு பூப்பாறை, அதற்கு மேல் கேப் ரோடு. மண் சரியும் இடம் என்பதால் மழை பெய்தால் வண்டியை அங்கே நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். தேவிகுளம் சின்ன ஊர். தாலுகா அலுவலகமும் கடைகளும் தாண்டினால் தேயிலைதான். மூணாறு பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே போய்ப் பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தால் இறங்கும் நேரம் இருட்டிவிடும். மூணாற்றை விட்டுவிடுங்கள். மூன்று மணிக்கு மலையிறங்கத் தொடங்கினால் வெளிச்சத்திலேயே போடி சேரலாம். இரவு தேனி, மறுநாள் அதே சாலையில் ஊர்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வேண்டிய இ-பாஸ் இந்த வழிக்குத் தேவையில்லை. உங்கள் சொந்த வண்டி, வெள்ளை போர்டு என்றால் கேரளத்துக்குள் தனி வரியும் இல்லை. நீங்கள் ஒருவரே ஓட்டவேண்டாம் என்று கடைசியில் டாக்சி பிடித்தால், மஞ்சள் போர்டுக்குக் கேரள பெர்மிட்டும் வரியும் தேவைப்படலாம். அது வாடகையில் சேர்ந்ததா, தனியா என்று பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். செக்போஸ்டில் வைத்துப் பேசினால் பேரம் உங்கள் கையில் இருக்காது. மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், பாட்டுகளைத் தேனியிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். பெட்ரோலையும் போடியிலேயே நிரப்பிவிடுங்கள்.