கராஜ் கேள்வி – பதில்: வீட்டில் கட்டிய கிட் கார்

கிட் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து அமைத்த சட்டகம், அதன்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு, மூக்குக்கும் மட்கார்டுக்கும் ஃபைபர் என்ற அமைப்பில், உரிமையாளரே வீட்டில் பொருத்திக்கொள்ளும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களையே இங்கே கிட் கார் என்கிறோம். 1957-இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் அறிமுகப்படுத்திய லோட்டஸ் செவன் இந்த வகைக்கு முன்னோடி. அதன் உரிமை 1973-இல் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போன பிறகும் அடிப்படை வடிவம் மாறவில்லை.

கேள்வி: மாருதி எஸ்டீம் எஞ்சினை வைத்து நண்பர்களோடு சேர்ந்து கட்டிய காரை, வீட்டு போர்டிகோவில் உறை போட்டு நிறுத்தியிருக்கிறேன். பக்கத் தகடுகளில் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கிறது. துடைத்தாலும் சில வாரங்களில் திரும்ப வந்துவிடுகிறது. மேலே பெயின்ட் அடித்து மூடிவிடலாமா?
– வாசகர், பெசன்ட் நகர்

பதில்: தயவுசெய்து மூட வேண்டாம். அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கடற்காற்றின் உப்பு ஈரம் புகுந்தால், அங்கே ஒரு சிறிய பேட்டரியே உருவாகி, இரண்டில் அலுமினியம்தான் முதலில் அரிக்கப்படும். நீங்கள் பார்க்கும் பொடி அந்த அரிப்பின் எச்சம். தகடு போனால் புதுத் தகடு வெட்டிக்கொள்ளலாம். தகட்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத குழாய் என்ன நிலையில் இருக்கிறது என்பதே உண்மையான கவலை.

ஒரு பக்கத் தகட்டின் கீழ்வரிசை ரிவெட்டுகளை மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள். ரிவெட்டின் அளவுக்கே உரிய டிரில் பிட்டை வைத்து, தலை கழன்று வரும் வரை மட்டும் துளைத்தால் போதும்; அதற்குமேல் அழுத்தினால் குழாயின் துளை பெரிதாகிவிடும். பிறகு சிறு சுத்தியலால் குழாயை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், உள்ளே துரு தின்ற இடம் மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தும்போது அது உள்ளே இறங்கினால், ஒட்டுப் போடுவதைப் பற்றி யோசிக்காமல் அந்தத் துண்டையே வெட்டியெடுத்து, அதே அளவும் அதே தடிமனும் உள்ள குழாயை வைக்க வேண்டும். இத்தகைய சட்டகங்களில் குழாயின் சுவர் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர்தான் இருக்கும். "கனமான ஆங்கிள் வைத்துப் பலப்படுத்திவிடலாம் சார்" என்று டிங்கர் ஆர்வமாகச் சொல்வார். அப்படி ஓரிடத்தை மட்டும் முரட்டுத்தனமாக்கினால், அசைவு முழுவதும் பக்கத்து இணைப்புக்குப் போய் அங்கே விரிசல் விடும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர், இசியு (எஞ்சினை இயக்கும் மின்னணுப் பெட்டி) இணைப்புகளையும் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருந்தால் அதைக் காரிலிருந்தே இறக்கிவிடுங்கள்.

குழாய் நன்றாக இருந்தால் வேலை எளிது. துருவைச் சுரண்டி எபாக்ஸி பிரைமர் அடித்து, அது முழுமையாகக் காய்ந்த பிறகு, தகடும் குழாயும் நேரடியாகத் தொடாதபடி இடையே பாலியூரித்தேன் சீலன்ட் தடவி, புது ரிவெட்டையும் அதிலேயே தோய்த்து அடியுங்கள். பின்புறம் மூடிய அலுமினிய ரிவெட் கிடைத்தால் அதையே வாங்குங்கள், அதன் வழியாக ஈரம் உள்ளே போகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையை இன்றே கழற்றி எறியலாம். கடலோர வீட்டில் அது ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதோடு சரி.

கேள்வி: பொறியியல் கல்லூரியில் பந்தயக் கார் கட்டும் மாணவர் குழுவில் இருந்த என் மகளும் நானும் சேர்ந்து எங்கள் காரைப் பராமரிக்கிறோம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டிவிட்டு வந்ததும் அவள் கார் முழுவதும் ஒவ்வொரு நட்டாகப் பார்க்கிறாள்; எல்லாவற்றிலும் மஞ்சள் பெயின்ட்டால் கோடு வேறு போட்டிருக்கிறாள். இவ்வளவு தேவைதானா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: தேவைதான், ஐயா. இந்தக் காருக்குச் செய்ய வேண்டிய பராமரிப்பில் பாதி அதுவே. மாருதி 800-இன் எடையே ஏறத்தாழ 650 கிலோ. செவன் வகைக் கார்கள் பல 500 கிலோவை ஒட்டியே நிற்கும். அந்த எடையைக் குறைப்பதற்காக, பெரிய நிறுவனத்துக் காரில் தடித்த ரப்பர் புஷ்ஷும் மிதமிஞ்சிய உலோகமும் வாங்கிக்கொள்ளும் அதிர்வை, இங்கே மெல்லிய பிராக்கெட்டும் ஒற்றைப் போல்ட்டும் நேரடியாக வாங்கிக்கொள்கின்றன. நட்டிலிருந்து பிராக்கெட் வரை நீளும் அந்த மஞ்சள் கோடு உடைந்து விலகியிருந்தால், நட் சுழன்றுவிட்டது என்பது ஸ்பேனர் எடுக்காமலேயே தெரிந்துவிடும். தளர்ந்ததைக் கைப்பலத்தால் முறுக்காமல், கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கச் சொல்லுங்கள். ஒருமுறை கழற்றிய நைலாக் நட்டை (தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நட்)த் திரும்பப் போடக் கூடாது. விஷ்போன் (சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கவட்டை வடிவக் கை) வந்து சேரும் பிராக்கெட்டுகளின் வெல்டிங் ஓரத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழை போன்ற கோடும் அதன் ஓரத்தில் துருக்கறையும் தெரிந்தால், சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

கதவுக் கைப்பிடி, விளக்கு, கியர்பாக்ஸ் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் தேடி வாங்குவதில் தவறில்லை. சஸ்பென்ஷன் போல்ட், டை ராட், பால் ஜாயிண்ட் ஆகியவற்றை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் புதிதாக, பில்லோடு வாங்குங்கள். பழைய போல்ட் எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தது என்பதைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

கேள்வி: ஓ.எம்.ஆர். சிக்னல்களில் நின்றால் ஐந்து நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் ஏறிவிடுகிறது. சாலை காலியானதும் இறங்கிவிடுகிறது. பெரிய ரேடியேட்டர் போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: ஓடும்போது சூடு இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் போதுமானதாகவே இருக்கிறது. வேகத்தில் ஏறி, நின்றால் இறங்குவதாக இருந்தால்தான் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் நிலையில் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன். சூடு ஏறியதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்சின் இரு வயர்களையும் இணைத்துப் பாருங்கள். அப்போது சுற்றினால் சுவிட்ச் போய்விட்டது, சுற்றாவிட்டால் ரிலேயையும் எர்த் வயரையும் பாருங்கள். ஃபைபர் உடலில் மின்சாரம் ஓடாது என்பதால், மூக்குப் பகுதியில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் சட்டகம் வரை தனி எர்த் வேண்டும். அந்த ஒரு போல்ட் துருப்பிடித்தாலே ஃபேன் சோர்ந்து சுற்றும், விளக்கும் மங்கும்.

அடுத்தது காற்றடைப்பு. தாழ்ந்த மூக்கில் ரேடியேட்டர் எஞ்சினைவிடக் கீழே இருப்பதால், காற்று மேலேறி எஞ்சின் தலையில் தங்கிவிடும். எக்ஸ்பான்ஷன் டேங்க் (கூலண்ட் விரிவடைய இடம் தரும் தொட்டி) எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்து, எஞ்சின் முற்றிலும் ஆறிய நிலையில் மூடியைத் திறந்து, ஹோஸ்களைக் கையால் பிசைந்தபடி கூலண்ட்டை நிரப்புங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம். நம் ஊர் உப்புநீர் உள்ளே படிந்து குழாய்களை அடைத்துவிடும். மூடியின் ரப்பரும் முக்கியம். ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும்.

கேள்வி: பிரேக் பெடல் மிகக் கடினமாக இருக்கிறது. பூஸ்டர் பொருத்தலாமா?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: எடை குறைவு என்பதால் இத்தகைய கார்கள் பலவற்றில், காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரை வைப்பதே இல்லை. உங்கள் காரிலும் தொடக்கத்திலிருந்தே இல்லையென்றால், கடினமான பெடல் கோளாறு ஆகாது, பழகிக்கொள்ளுங்கள். பெடல் பஞ்சுபோல அமிழ்ந்தால்தான் பயப்பட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயிலின் கொதிநிலைக்கான குறைந்தபட்சத் தர அளவு, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. சென்னைக் காற்றில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. மிச்சமான பாட்டிலை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்க வேண்டாம். சிலிகான் ஆயிலான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது.

கேள்வி: இந்தக் காரைச் சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்குமா?
– வாசகர், போரூர்

பதில்: எதிர்பார்க்க வேண்டாம். வாகனத்தின் மாதிரிக்கு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் சோதனைச் சான்று வேண்டும். பதிவான காரின் எஞ்சினை எடுத்து வேறு சட்டகத்தில் வைத்தால், பழைய ஆர்.சி. புத்தகம் அதற்குச் செல்லாது. டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று வைப்பது?
– வாசகர், தாம்பரம்

பதில்: பங்க்கில் கேட்காமலேயே 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துவிடுவார்கள். 500 கிலோ காருக்கு அது மிக அதிகம். டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டு, கார் வழுக்கும். செவன் வகைக் கார்களுக்கு 18 முதல் 22 பிஎஸ்ஐ வரை வழக்கம். டயர் ஆறியிருக்கும்போது சொந்த கேஜில் பார்த்து வைத்துவிட்டு, சில ஓட்டங்களுக்குப் பிறகு நடுவும் ஓரமும் ஒரே சீராகத் தேய்கின்றனவா என்று பார்த்து ஒரு பிஎஸ்ஐ கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.