மியூல் டீர் வேட்டைக்கு ஊதல் செட் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோவில் வசிக்கிறேன். நவம்பர் துப்பாக்கி சீசனில் மியூல் டீர் (மேற்கு அமெரிக்காவின் பெரிய காதுள்ள மான்) கிடா வேட்டைக்கு லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. மலையில் நடந்துதான் தேடப் போகிறேன். கடையில் மான் ஊதல் செட் ஒன்றை 80 டாலர் என்கிறார்கள். உறுமல் குழல், கவிழ்த்தால் கத்தும் டப்பா, குட்டி அலறுவதுபோல் ஊதும் ஊதல், மோதவிடும் செயற்கைக் கொம்பு எல்லாம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இதுபோன்ற செட்டுகள் பெரும்பாலும் வெள்ளைவால் மான் என்ற இன்னொரு வகையை மனதில் வைத்துச் செய்தவை. அந்த வேட்டையில் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து, உறுமியும் கொம்பைத் தட்டியும் கிடாவை வரவழைப்பார்கள். மியூல் டீர் திறந்த மலைச்சரிவிலும் சேஜ்பிரஷ் புதர்வெளியிலும் திரிவது. நவம்பர் நடுவில் இணைசேரும் காலம் சூடுபிடித்ததும் கிடா பெட்டைக் கூட்டத்தை விட்டு லேசில் நகராது. உங்கள் உறுமலைக் கேட்டு வருவது அபூர்வம்.

குட்டி அலறலுக்கு ஓடி வருவது பெரும்பாலும் பெட்டை மான்தான். பின்னாலேயே கிடாவும் வரும் என்று சொல்லி விற்பார்கள், சில சமயம் வரவும் செய்யும். ஆனால் அதே சத்தம் கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கையும் மலைச்சிங்கத்தையும் கரடியையும் கூப்பிடும். தனியாக நடப்பவருக்கு அது தேவையே இல்லை.

வாயால் ஊதும் சாதாரண ஊதல் ஒன்று போதும், 15-20 டாலருக்குள் கிடைக்கும். மானை வரவழைக்க அல்ல, நிறுத்த. காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறது, பதுங்கிப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், கிடா நடந்துகொண்டே இருக்கிறது என்று வையுங்கள். துப்பாக்கியைத் தாங்குகோலில் வைத்துக் குறிபார்த்த பிறகு, சின்னதாக ஒரே ஒரு தடவை ஊதுங்கள். பெரும்பாலும் நின்று, அந்தப் பெரிய காதைத் திருப்பும். அந்தச் சில நொடிதான் உங்களுக்கு. ஊதிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினால் அசைவைக் கண்டு போய்விடும். ஏற்கெனவே நிற்கும் மானுக்கு ஊதவே கூடாது.

வாங்கும்போது மாதிரி ஊதலைக் கேட்டு வாங்கி மெதுவாக ஊதிப் பாருங்கள். பலமாக ஊதினால்தான் சத்தம் வரும் என்றால் வேண்டாம். குளிரில் எச்சில் பட்ட நாக்குத் தகடு (உள்ளே அதிர்ந்து சத்தம் தருவது) உறைந்து ஊதல் ஊமையாகிவிடும். அதனால் கழற்றித் துடைக்கக்கூடியதாகப் பார்த்து எடுங்கள், மலையில் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பணத்தை பைனாகுலரில் போடுங்கள். இந்த வேட்டையில் நடப்பதைவிட உட்கார்ந்து எதிர்ச்சரிவைத் துழாவுவதே அதிகம். 10x42 (பத்து மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்லென்ஸ்) நல்ல அளவு. ஏற்கெனவே இருந்தால் அதை டிரைபாடில் பொருத்தும் அடாப்டர் வாங்குங்கள், கை நடுக்கம் இல்லாமல் பார்த்தால் புதருக்குள் படுத்திருக்கும் கிடாவின் கொம்புநுனிகூடத் தெரியும்.

அப்புறம், பேட்டரியில் ஓடும் மின்னணு ஊதல் பக்கம் போகாதீர்கள். பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு அதற்குத் தடை உண்டு. எந்த ஊதலானாலும், எல்லோரும் வேட்டையாடும் பொது நிலத்தில் மான் குரல் கேட்டால் இன்னொரு வேட்டைக்காரரும் அந்தப் பக்கம் திரும்புவார். துப்பாக்கி சீசனில் கொலராடோவில் 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது பிங்க் உடையும் அதே நிறத் தொப்பியும் கட்டாயம். அது இன்னும் வாங்கவில்லை என்றால் முதல் செலவு அதற்குத்தான்.