இரண்டு லைன் இருந்தும் இணையம் ஏன் 94-லேயே நிற்கிறது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறேன். பதினான்கு பேர் வேலை செய்கிறோம். 200 எம்பிபிஎஸ் ஒன்று, 100 எம்பிபிஎஸ் ஒன்று என இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் லைன்களை ஒரே டூயல்-வேன் ரவுட்டரில் (இரண்டு இணைய லைன்களை ஏற்கும் பெட்டி) இணைத்திருக்கிறோம். 300 வரும் என்றார்கள். எப்போது சோதித்தாலும் 94-ஐத் தாண்டுவதில்லை. சில நாட்கள் பாதிப் பேருக்கு இணையம் வருகிறது, மீதிப் பேருக்கு வருவதில்லை. வங்கித் தளம் வேலையின் நடுவில் வெளியே தள்ளிவிடுகிறது. லைன் போட்டுக் கொடுத்தவர் ரவுட்டரையே மாற்றச் சொல்லி 28,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்தில் மூன்று கோளாறுகள் தெரிகின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அவரோ மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெட்டியை விற்கப் பார்க்கிறார். அந்தப் பெட்டி வந்தால் ஒன்று தீரலாம், அதுவும் தற்செயலாக.

முதலில் அந்த 300 கதையை முடித்துவிடுவோம். ரவுட்டர் இரண்டு லைனையும் ஒன்றாக ஒட்டுவதில்லை. ஒவ்வொரு இணைப்பும் தொடங்கும்போது, இது இந்த லைனில் போகட்டும், அது அந்த லைனில் போகட்டும் என்று பிரித்து அனுப்புகிறது, அவ்வளவுதான். ஒரு டவுன் பஸ் ஓடிய இடத்தில் இரண்டு விட்டால் அதிகம் பேர் போகலாம். ஒரே ஆள் இரண்டு பஸ்ஸிலும் பாதிப் பாதியாக ஏறிச் சீக்கிரம் போய்ச் சேர முடியாது. உங்கள் டிசைனர் ஒரு பெரிய ஃபைலை இறக்கினால் அது ஏதாவது ஒரு லைனில்தான் வரும். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது மொத்தமாக 300 வரை பயன்படலாம். ஒரு ஃபைலுக்கு 300 கிடைக்காது, 28,000 ரூபாய் ரவுட்டரிலும் கிடைக்காது. இரண்டு லைனை உண்மையிலேயே ஒன்றாக்குவதற்கு ‘பாண்டிங்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மறுமுனையிலும் ஒரு சர்வர் வேண்டும், பொதுவாக மாதக் கட்டணமும் உண்டு. கடைக்காரர் அந்தப் பெயரைச் சொன்னால், மறுமுனை எங்கே இருக்கிறது, மாதம் எவ்வளவு என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இனி 94. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய தகவல் இதுதான். லைனில் நெரிசல் என்றால் வேகம் காலையில் 150, மாலையில் 60 என்று ஆடும். எப்போதும் 94-ல் வந்து முட்டி நிற்கிறது என்றால், வழியில் எங்கோ ஓர் இடத்தில் எல்லாம் 100 எம்பிபிஎஸ் இணைப்பு வழியாகப் போகிறது என்று அர்த்தம். அனுப்பும் தகவலோடு முகவரி, சரிபார்ப்பு என்று கூடுதலாகச் சேருவதற்கே ஐந்தாறு சதவீதம் போய்விடுவதால் 100 என்பது சோதனையில் 94, 95 என்று தெரியும்.

அந்த 100 கேபிளில் இருக்கலாம், ஒரு கேபிளைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான சுவிட்சில் இருக்கலாம், மோடத்தில் இருக்கலாம், ரவுட்டரிலும் இருக்கலாம். நான் பார்த்த அலுவலகங்களில் பெரும்பாலும் கேபிள்தான். ஆனால் கேபிளை யாரும் முதலில் பார்ப்பதில்லை. கேபிளில் கமிஷன் இல்லை.

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், அதாவது நான்கு ஜோடிகள் இருக்கும். 1000 எம்பிபிஎஸ் ஓட நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். எலி கடித்தோ, முனையில் பிளக்கை இறுக்கும் கிரிம்ப் சரியாக அடிக்காமலோ ஒரு கம்பி விட்டுப்போனால் பல நேரம் இணையம் நிற்காது, சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், மெயில் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. வேறொரு திருட்டுத்தனமும் நடக்கிறது. புதுக் கேபிள் இழுக்க அலுத்துக்கொண்டு, ஒரே கேபிளின் நான்கு ஜோடியை இரண்டிரண்டாகப் பிரித்து ஒன்றைக் கம்ப்யூட்டருக்கும் மற்றதைக் கேமராவுக்கும் கொடுத்துவிடுவார்கள். பில்லில் மட்டும் இரண்டு கேபிள் இருக்கும். இது போதாதென்று செம்புக் கம்பி என்று சொல்லி, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியை விற்கிறார்கள். ஒரு துண்டுக் கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

சோதிக்க ஆள் கூப்பிட வேண்டியதில்லை. மோடத்திலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிளை ரவுட்டர் பக்கம் கழற்றி நேராக ஒரு கம்ப்யூட்டரில் சொருகுங்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் ‘லிங்க் ஸ்பீட்’ என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 என்றால் சரி. 100/100 என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் 100 என்றால் மோடத்தில் வேறு போர்ட்டில் சொருகிப் பாருங்கள். சில மோடங்களில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்; மற்றவையெல்லாம் 100. கம்ப்யூட்டரில் இணையம் வராவிட்டாலும் கவலைப்படாதீர்கள், லாகின் விவரம் ரவுட்டருக்குள் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரி. கம்ப்யூட்டரின் போர்ட்டும் கிகாபிட்டாக இருக்க வேண்டும். மலிவான யுஎஸ்பி கன்வெர்ட்டரில் சோதித்தால் எல்லாமே 100 என்றுதான் காட்டும். இதே சோதனையை மேசைக்கு வரும் கேபிள்களிலும் செய்யுங்கள். நடுவில் பழைய சுவிட்ச் இருந்தால் அதன் அடியில் உள்ள ஸ்டிக்கரையும் படியுங்கள். வைஃபையில் எடுத்த எந்தச் சோதனையையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ரவுட்டரை மாற்றாதீர்கள் என்று சொன்னதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இதை வைத்தே உங்களை மடக்குவார்கள். உங்கள் ரவுட்டரின் போர்ட்டுகளே 100 என்றால் அதை மாற்றத்தான் வேண்டும். உதாரணமாக, டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-ஆர்470டி பிளஸ் நம்மூர் அலுவலகங்களில் நிறைய ஓடுகிறது. அதன் ஐந்து போர்ட்டுகளும் 10/100 வகை. வீட்டுத் திட்டங்கள் 20, 30 எம்பிபிஎஸ் ஆக இருந்த காலத்தில் அது நல்ல பெட்டி, இன்றைக்கும் கெட்டுப்போயிருக்காது, ஆனால் 200 லைனை அதில் சொருகினால் 94-தான் வரும். கம்பெனியின் இணையப் பக்கத்தில் மாடல் எண்ணைத் தேடி, போர்ட் வகை 10/100 என்று போட்டிருக்கிறதா, 10/100/1000 என்று போட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 10/100 என்றால் மாற்றுங்கள். அப்போதும் 28,000 வேண்டாம். அதே நிறுவனத்தின் இஆர்605 போன்ற கிகாபிட் ரவுட்டர் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. உங்களுடைய பதினான்கு பேருக்கு அது தாராளம். ஆனால் போர்ட்டில் 10/100/1000 என்று இருந்தால், ‘பழைய மாடல் சார், லோடு தாங்காது’ என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். அப்புறம், போர்ட் 100 என்றாலும் கேபிள் சோதனையை விட்டுவிடாதீர்கள். புது ரவுட்டரில் பழைய கேபிளைச் சொருகி, மறுபடியும் அதே 94-ஐப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் நிறைய.

அடுத்து, பாதிப் பேருக்கு இணையம் வராத நாள். ஒரு லைன் செத்துவிட்டது, ரவுட்டருக்கு அது தெரியவில்லை. ரோட்டில் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுந்திருக்கும். ஆனால் உங்கள் அலுவலகத்தில் மோடம் கரண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, கேபிளில் விளக்கு எரிகிறது. ரவுட்டர் அதைப் பார்த்து லைன் நன்றாக இருக்கிறது என்று நம்பி, அதில் வேலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ரவுட்டரில் ‘ஆன்லைன் டிடெக்‌ஷன்’ போன்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். மோடத்தைக் கேட்டுப் பார்ப்பதற்குப் பதிலாக வெளியே கூகுளின் 8.8.8.8 போன்ற முகவரியைக் கேட்டுப் பார்க்கும்படி அதை மாற்றச் சொல்லுங்கள். லைன் போனதும் ரவுட்டரே எல்லோரையும் மற்ற லைனுக்கு மாற்றிவிடும்.

இதே குழப்பத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. இரண்டு நிறுவனங்களின் மோடங்களும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு வந்திருந்தால் எந்தப் பக்கம் எது என்று ரவுட்டர் தடுமாறும். ஒரு மோடத்தின் முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் போதும். பத்து நிமிட வேலை. கூடவே, ஒவ்வொரு லைனுக்கும் ரவுட்டரில் எழுதியிருக்கும் வேகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பல ரவுட்டர்கள் அதைக் கேபிபிஎஸ் கணக்கில் கேட்கும், எம்பிபிஎஸ்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. 200-க்கு 2,00,000 என்று போட வேண்டும். ஒரு சைபர் விட்டுப்போனால் உங்கள் பெரிய லைனைச் சின்ன லைன் என்று நினைத்து, வேலையையெல்லாம் மற்றதில் தள்ளும்.

வங்கித் தளம் வெளியே தள்ளுவது கோளாறே அல்ல. ஒரு நிமிடம் ஒரு லைனிலிருந்தும் அடுத்த நிமிடம் வேறு லைனிலிருந்தும் நீங்கள் வருவதைப் பார்த்து, யாரோ வேறு ஆள் என்று வங்கி கதவைச் சாத்துகிறது. ஜிஎஸ்டி தளத்திலும் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்திலும் வேலை செய்யும்போதும் இந்தத் தொல்லை வரலாம். கணக்குப் பிரிவிலும் ஷிப்பிங் பிரிவிலும் உள்ள கம்ப்யூட்டர்களை ஒரே லைனில் கட்டிவிடுங்கள். அந்த லைன் போனால் மட்டும் மற்றதுக்கு மாறட்டும். ‘பாலிசி ரூட்டிங்’ என்று சொன்னால் வருகிறவருக்குப் புரியும். புரியாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

உங்கள் லைன்காரரிடம் இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? பல அலுவலகங்களில் முதலாளியிடம் இருக்காது, காசு கொடுத்து வாங்கிய பெட்டியைத் திறக்க இன்னொருவர் அனுமதி வேண்டும். இன்றே எழுதி வாங்குங்கள். இரண்டு லைனையும் அவரே போட்டாரா? அப்படியானால் இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே கட்டாக வருகிறதா என்று தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். பெயர் வேறு, பில் வேறு, கம்பம் ஒன்று என்றால் ஒரு லாரி இரண்டையும் சேர்த்தே அறுக்கும். அவர் வந்து ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டினால் எந்த சர்வரில் எடுக்கிறார் என்றும் பாருங்கள். அந்த நிறுவனத்தின் சொந்த சர்வரில் எடுத்தால் உங்கள் வாசலிலிருந்து அவர்கள் ஆபீஸ் வரைக்குமான வேகம்தான் தெரியும். ஃபாஸ்ட் டாட் காமிலும் ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும், மோடத்தில் நேரடியாகச் சொருகிய கம்ப்யூட்டரிலேயே 200-க்குப் பதில் 50, 60 என்று வந்தால், அது நிறுவனத்தின் பொறுப்பு. அவர்கள் திட்டத்தில் ‘200 வரை’ என்று எழுதியிருப்பார்கள். அந்த ‘வரை’ என்ற சொல்லுக்குப் பின்னால்தான் மொத்தத் தொழிலும் ஒளிந்திருக்கிறது. கஸ்டமர் கேரில் பேசினால் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்பார்கள். பண்ணுங்கள், ஆனால் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு நேராக எழுதிப் பயனில்லை, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. 2012-ல் அது கொண்டுவந்த விதிகளின்படி புகாருக்கு அடுத்தபடி அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிதான். திருடனைப் பற்றித் திருடனின் அண்ணனிடமே சொல்ல வேண்டும், நம் ஏற்பாடு அப்படி. ஆனால் அதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். புகார் எண் இல்லாமல் மேல்முறையீடு ஏறாது. மோடத்தில் நேரடியாகச் சொருகி எடுத்த சோதனைப் படங்களை மட்டும் அதோடு இணையுங்கள். ரவுட்டர் வழியாக எடுத்ததை அனுப்பினால், ‘உங்கள் ரவுட்டரில்தான் பிரச்சினை’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.