இணைத் தயாரிப்பாளர் ஆகலாமா? – கடிதம்

வணக்கம் ஐயா,

சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். சென்ற மாதம் எனக்கு 55 வயது முடிந்தது. மசேநிதியிலிருந்து (மத்திய சேம நிதி) எடுக்கக்கூடிய தொகை ஓரளவு இருக்கிறது. என்னோடு கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் சென்னையில் படம் எடுக்கிறார். எண்பதாயிரம் வெள்ளி போட்டால் இணைத் தயாரிப்பாளர் என்று திரையில் என் பெயரைப் போடுவதாகச் சொல்கிறார். ஒரு பாட்டை மரினா பேயில் எடுக்கப்போகிறார்களாம். மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. என் தாத்தா மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியில் அடுத்தாளாக (முகவரின் உதவியாளராக) இருந்தவர். ஏவி.எம். செட்டியாரும் எங்கள் காரைக்குடிக்காரர்தான். படத் தயாரிப்பும் கடைசியில் கொடுக்கல் வாங்கல்தானே? கலை எல்லாம் இயக்குநர் பாடு. உங்கள் கருத்து என்ன?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

மனைவி சொல்வதைக் கேளுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். தாத்தாவையும் செட்டியாரையும் சாட்சிக்கு அழைத்துவிட்டீர்கள். இருவருமே உங்கள் பக்கம் சாட்சி சொல்லமாட்டார்கள் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் தாத்தா. கிட்டங்கியில் ஒரே நீளக் கூடத்தில் பல மார்க்காக்கள், அதாவது பல வட்டித்தொழில் நிறுவனத்தார், வரிசையாகப் பெட்டி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நகை, நிலப்பத்திரம், ரப்பர் தோட்டம் என்று ஏதோ ஒன்றின் மீதுதான் பெரிய கடன்கள் போகும். கடன் வாங்கியவன் ஓடிப்போனாலும் தோட்டம் ஓடிப்போகாது. பாதியில் நின்ற படத்தை யாரும் அடமானமாகக்கூட வாங்கமாட்டார்கள். முடிந்த படத்துக்கு மதிப்பு உண்டு. தியேட்டர், தொலைக்காட்சி, ஓடிடி, இசை, இந்தி டப்பிங், நம் பக்கத்து எஃப்.எம்.எஸ். (வெளிநாட்டு உரிமை) என்று தனித்தனி உரிமைகளாக அதை விற்கலாம். ஆனால் அந்த வரவின் மேல் முதல் பிடி வட்டிக்குக் கொடுத்த ஃபைனான்சியருக்கு. ஃபிலிம் காலத்தில் அவர் லேபுக்கு ஒரு கடிதம் கொடுத்துவைப்பார். பாக்கி தீராமல் பிரிண்ட் வெளியே போகாது. இன்று ஃபிலிம் இல்லை, பிடி இருக்கிறது. வெளியீட்டுக்கு முந்தைய இரவு விடிய விடிய நடக்கும் பஞ்சாயத்துகளைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் எடுத்த பிறகு மிஞ்சினால், அது இணைத் தயாரிப்பாளருக்கு. உங்கள் தாத்தா இருந்திருந்தால் ஃபைனான்சியர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். உங்களுக்குப் போட்டிருப்பது வேறு நாற்காலி.

இனிச் செட்டியார். ஏ. வி. மெய்யப்பன் 1907இல் காரைக்குடியில் பிறந்தவர். அப்பாவின் கடையில் கிராமஃபோன் இசைத்தட்டு விற்கத் தொடங்கியவர், பிறகு சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி இசைத்தட்டுகளைத் தயாரிக்கவும் செய்தார். எந்தப் பாட்டு விலைபோகும் என்று காதால் கணக்குப் போடப் பழகியது அங்கேதான். அப்படிப்பட்டவரே 1935இல் கல்கத்தாவுக்குப் போய் எடுத்த 'அல்லி அர்ஜுனா'வில் கையைச் சுட்டுக்கொண்டார். அடுத்து வந்த 'ரத்னாவளி'யும் காலை வாரியது. பணம் போட்டவர் என்ற அளவில் அவர் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் தயாரிப்பு என்பேன். 1938இல் 'நந்தகுமார்'. தேவகியாக நடித்தவரின் பாட்டு அவர் காதுக்குச் சரிப்படவில்லை. நடிப்பவர்தான் பாட வேண்டும் என்பது அன்று எழுதாத சட்டம். அவர் லலிதா வெங்கடராமனைப் பாடவைத்து அந்த முகத்தோடு இந்தக் குரலைச் சேர்த்தார். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். 'ஸ்ரீவள்ளி'யிலும் இதே கதை: வள்ளியாக நடித்தவர் ருக்மிணி, நாம் கேட்கும் பாட்டு பி. ஏ. பெரியநாயகி உடையது. கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து 1944இல் வெளியிட்டார். அன்றைக்கு அது துணிச்சல். உலகப்போரில் ஃபிலிம் கிடைக்காமல், படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்திருந்த நேரம் வேறு. சென்னையில் ஸ்டூடியோ தோதுப்படாதபோது காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு 'நாம் இருவர்' எடுத்தார். 1947 தொடக்கத்தில், சுதந்திரத்துக்குப் பல மாதம் முன்பே, டி. கே. பட்டம்மாள் குரலில் பாரதியின் விடுதலைப் பாட்டு தியேட்டர்களில் ஒலித்தது. வடபழனி ஸ்டூடியோ எல்லாம் அதற்குப் பிறகு. (பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை அவரிடம் இருந்தது. நாட்டுடைமையாக்கும் பேச்சு வந்தபோது பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். இதையும் கொடுக்கல் வாங்கல் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?)

எடுத்தது பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுப்பார். நடிகர் மாறுவார், இயக்குநரும் மாறுவார். 'களத்தூர் கண்ணம்மா'வைத் தொடங்கியவர் பிரகாஷ்ராவ், முடித்தவர் பீம்சிங். 1954இல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுக்க எஸ். பாலசந்தருக்கு இடம் கொடுத்ததும், பாட்டை விற்றுப் பிழைப்பைத் தொடங்கிய இதே மனிதர்தான். அந்தப் படம் பெரிதாக வசூலிக்கவில்லை. அதை அவர் கணக்குப் புத்தகத்தின் பிழையாக நான் நினைக்கவில்லை. கலை இயக்குநர் பாடு என்கிறீர்களே, அந்த முடிவில் யாருடைய கலை இருந்தது?

அவர் எப்போதும் சரியாகவே கணித்தவர் என்றும் நினைக்க வேண்டாம். 'பராசக்தி'யில் சிவாஜி கணேசன் அவருக்குத் திருப்தியாக இல்லை. ஒல்லியாக இருந்த அந்த நாடக நடிகரை மாற்றிவிட விரும்பினார். விடாப்பிடியாக நின்றவர் அந்தப் படத்தில் அவரோடு பங்கு சேர்ந்த நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள், வேலூர்க்காரர், விநியோகஸ்தர். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. சிவாஜி கடைசிவரை பொங்கலுக்கு வேலூர் போய்ப் பெருமாளுக்கு மரியாதை செய்துவந்தார். ஸ்டூடியோ முதலாளியை எதிர்த்துப் பேசப் பெருமாளுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? பங்குப் பணம் மட்டும் அதைத் தந்திருக்காது. எந்த ஊரில் எந்தப் படத்துக்குக் கூட்டம் வரும் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்த விநியோகஸ்தர் அவர். நாடக மேடையில் அந்தப் பையன் வசனம் பேசியதைக் கேட்டவரும்கூட.

இதை எழுதுவதே உங்களுக்காகத்தான். உங்கள் நண்பரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கதாநாயகன் எனக்குச் சரியாகப் படவில்லை, மாற்றலாமா?" மாற்ற வேண்டும் என்பதற்காக அல்ல. அவர் சிரித்தால், உங்களிடமிருந்து அவர் எதிர்பார்ப்பது எண்பதாயிரம் வெள்ளி மட்டும் என்று தெரிந்துவிடும். யோசித்துப் பதில் சொன்னால் மேலே பேசலாம். முழுத் திரைக்கதையைக் கேளுங்கள், வாய்வழிக் கதை போதாது. ஃபைனான்சியர் யார், வட்டி என்ன, எந்தெந்த உரிமை ஏற்கெனவே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது, தணிக்கைச் சான்றிதழில் தயாரிப்பாளராக யார் பெயர் வரும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். திரையில் உங்கள் பெயர் ஓடுவதும் சான்றிதழில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. ஒப்பந்தத்தைச் சென்னையில் படத்துறை வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவர் படிக்கட்டும். அவர் நண்பர் சொல்லும் வழக்கறிஞராக இருக்க வேண்டாம்.

மரினா பே பாட்டு எனக்கு இன்னொரு சந்தேகத்தைத் தருகிறது. 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்குச் சிங்கப்பூர் தேவைப்பட்டது. அது இங்கே நடக்கிற கதை. உங்கள் நண்பரின் கதை எங்கே நடக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. மதுரையில் நடக்கிற கதை என்றால், அந்தப் பாட்டு படத்துக்காகவா, உங்களுக்காகவா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். மசேநிதிப் பணத்தை அதுவரை எடுக்க வேண்டாம்.