காலையில் 10 நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டுமா?

வணக்கம். ஊட்டிக் குளிரில் பெட்ரோல் காரை 10 நிமிடம் நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்ட பிறகே எடுப்பதாகவும், அண்மையில் டிப்ஸ்டிக்கில் (எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) பெட்ரோல் வாடை வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பழக்கமே வாடைக்குக் காரணமாக இருக்கக்கூடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வழக்கத்தைவிடக் கூடுதலான பெட்ரோல் உள்ளே செல்கிறது. அதில் ஆவியாகாத பகுதி, சிலிண்டர் சுவரில் படிந்துள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலுடன் கலந்துவிடுகிறது. நின்றபடி ஓடும் எஞ்சின் மெதுவாகவே சூடேறுவதால் இந்த நிலை வீணாக நீள்கிறது. சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் விசையை) இழுத்துவிட்டுக் காத்திருந்தது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கக் கார்புரேட்டர் இருந்த காலத்து வழக்கம்.

ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு அணைந்து, எஞ்சின் சத்தம் சற்றுத் தணியும் வரை, ஏறத்தாழ 30 விநாடி முதல் 1 நிமிடம் வரை பொறுத்தால் போதும். கண்ணாடியில் பனி படர்ந்திருந்தால் மட்டும் அது விலகும் வரை காத்திருங்கள். பிறகு, வெப்பமானி முள் வழக்கமான இடத்துக்கு வரும் வரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் நிதானமாக ஓட்டுங்கள். கியர்பாக்ஸும் சக்கர பேரிங்குகளும் வண்டி நகர்ந்தால்தான் சூடாகும். வீட்டிலிருந்து கிளம்பியதும் செங்குத்தான ஏற்றம் இருந்தால், முதல் சில நிமிடங்களுக்காவது ஏற்றம் குறைந்த சுற்றுப்பாதையில் செல்லுங்கள்.

டிப்ஸ்டிக்கில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் ஆயிலை உடனே மாற்றிவிடுங்கள். மாற்றிய பின்னும் வாடை திரும்பினால், பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.