கடற்கரை வீட்டில் ஒரு கிட்டார்

கேள்வி: எனக்கு 47 வயதாகிறது. தை மாதத்தில் பழைய கிட்டார் ஒன்றை வாங்கிப் பழகி வருகிறேன். பத்து நிமிடம் வாசித்தாலே இடக்கை விரல் நுனிகள் எரிகின்றன. மெல்லிய கம்பிகள் இரண்டும் சீக்கிரமே துருப்பிடித்துவிடுகின்றன. இந்த வயதில் இனி வராது என்கிறார்கள் வீட்டில். விட்டுவிடலாமா?
– வாசகி ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: விட வேண்டாம், அம்மா. வயதைக் குறை சொல்லும் முன் கருவியைக் கவனியுங்கள். பன்னிரண்டாவது மெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மேடு) மேல் ஸ்கேலை நிறுத்தி, மெட்டின் உச்சிக்கும் தடித்த ஆறாவது கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அது 2.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சரி. மெல்லிய முதல் கம்பிக்கு 2 மில்லிமீட்டர் போதும். பழைய கிட்டார்களில் 4 மில்லிமீட்டர் வரை நானே அளந்திருக்கிறேன். அந்த உயரத்தில் அழுத்தினால் இருபது வயதுப் பிள்ளைக்கும் விரல் எரியத்தான் செய்யும்.

கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. தென்கடலும் வடகடலும் இருபுறமும் சூழ்ந்த உங்கள் தீவில் காற்று அதைவிட ஈரமாகவே இருப்பதால், மேற்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பி, அதன்மேல் ஒட்டியுள்ள பிரிட்ஜையும் கம்பிகளையும் உயர்த்திவிடும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, முதலில் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையின் அடியை 1 மில்லிமீட்டர் தேய்த்தால், பன்னிரண்டாவது மெட்டில் கம்பி அரை மில்லிமீட்டர் இறங்கும். அத்துடன் பன்னிரண்டாம் எண் கம்பிகளுக்குப் பதிலாக, அவற்றைவிட மெல்லிய பத்தாம் எண் கம்பிகளைக் கட்டுங்கள். விரலை மெட்டுக்கு மிக அருகில், அதன் பின்புறமாக வைத்து அழுத்தி, காலையும் மாலையும் கால் மணி நேரம் பழகினால், மூன்று நான்கு வாரங்களில் நுனித்தோல் தடித்துவிடும்.

துருவுக்குக் காரணம் வியர்வையிலும் காற்றிலும் உள்ள உப்பு. முதல் இரண்டு கம்பிகளின் மேல் வேறு உலோகச் சுற்று இல்லாததால் அவையே முதலில் கெடும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துப் பிடித்து, நீள இழுத்துத் துடையுங்கள். துணியில் கறுப்பாகப் படிவதைப் பார்த்தால் நீங்களே வியப்பீர்கள். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், சுவரில் மாட்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவவே கூடாது.

கேள்வி: துருப்பிடிக்காமல் இருக்க, மீன்வலைக்கான தங்கூசி இழையைக் கிட்டாரில் கட்டலாமா?
– வாசகர் ஒருவர், தேவிபட்டினம்

பதில்: நல்ல கேள்வி. முன்பு கிட்டாருக்குக் குடல் நரம்பையே கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதற்குத் தட்டுப்பாடு வர, 1940களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் அகஸ்டின், ஸ்பானியக் கலைஞர் செகோவியாவின் ஊக்கத்தோடு நைலான் தந்திகளை உருவாக்கினார். தங்கூசியும் நைலான்தான். ஆனால் தந்திக்குரிய இழை நெடுகிலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். வலைக்கு அந்த நுட்பம் தேவையில்லை என்பதால், தங்கூசியில் மேல் மெட்டுகளுக்குப் போகப்போகச் சுருதி விலகும்.

துருவுக்கு அஞ்சுகிறவர் நைலான் தந்திக்கென்றே செய்த கிட்டாரை வாங்குவதே சரி. விரலுக்கும் அது மெத்தென்றிருக்கும். அதில் மட்டும் இரும்புக் கம்பியைக் கட்டிவிடாதீர்கள்: நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 40 கிலோ, பன்னிரண்டாம் எண் இரும்புக் கம்பிகளோ 70 கிலோவுக்கும் மேல், பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.